மட்டக்களப்பு வானத்துக்கு முதல் டெலஸ்கோப்: வளவுக்குள்ள வச்சு, பகல்லயே பொருத்துங்க

புது ரிப்ளெக்டர் (கண்ணாடியால வெளிச்சம் சேக்கிற) டெலஸ்கோப் கைக்கு வந்த அண்டைக்கே இருட்டினதும் கடற்கரைக்குத் தூக்கிட்டு ஓடாதீங்க. நான் அப்பிடித்தான் கல்லடிக் கடற்கரைக்குப் போனன், மச்சான் கட்டார்ல இருந்து கொண்டந்த 114 மில்லிமீற்றர் கண்ணாடி வச்ச டெலஸ்கோப், போன் வெளிச்சத்தில பொருத்தக்குள்ள பைண்டரைப் (குழாய்க்கு மேல பூட்டுற, குறி பாக்கிற சின்னக் குழாய்) பிடிக்கிற சின்னத் திருகாணி ஒண்டு மணலுக்குள்ள விழுந்திட்டு, விடிஞ்சாப்போல போய் அரிச்சுப் பாத்தும் கிடைக்கல்ல. அதால முதல் தரம் பகல்ல, வளவுக்குள்ள, கீழ ஒரு பழைய சாறனை விரிச்சுப்போட்டுப் பொருத்துங்க.

குழாய்ட அடியில ஒரு குழிவான கண்ணாடி இருக்கு, அது வெளிச்சத்தைச் சேத்து மேல அனுப்பும், வாய்ப்பக்கம் சாய்வா நிக்கிற சின்னக் கண்ணாடி அதைப் பக்கவாட்டுக்குத் திருப்பி ஐபீஸுக்கு (கண் வைக்கிற வில்லைக்கு) விடும். நியூட்டன் 1668ல செஞ்ச அதே அமைப்புத்தான். அதால கண் வைக்கிற இடம் குழாய்ட மேல்பக்கம், அடியில இல்ல. கண்ணாடியில தூசி தெரிஞ்சாலும் துணியால துடைச்சிடாதீங்க, பூச்சுக் கீறுப்படும், கொஞ்சத் தூசியால படம் கெடாது.

பொருத்துற ஒழுங்கு: முதல்ல ட்ரைபொட், மறுகா மவுண்ட் (குழாயைத் தாங்கித் திருப்புற பகுதி), மறுகா கவுண்டர் வெயிட் (குழாய்ட பாரத்துக்குச் சரியா மறுபக்கம் பூட்டுற இரும்பு), கடைசியாத்தான் குழாய். வெயிட்டைப் போடாமக் குழாயை ஏத்தினா ஒரு பக்கமாச் சரிஞ்சு விழும். எல்லாம் பூட்டினாப்போல பிடியை லூசாக்கி மெதுவாக் கையை எடுத்துப் பாருங்க, குழாய் விட்ட இடத்திலயே நிக்கணும், நிக்காட்டி வெயிட்டை மேலயோ கீழயோ நகர்த்துங்க.

இப்பத்தான் நம்ம ஊருக்கெண்டு தனியா ஒரு விசயம் வருது. ஈக்குவட்டோரியல் மவுண்ட் எண்டா, ஒரு அச்சை வடக்குப் பாக்கச் சரிச்சு வச்சு, வானம் சுத்துற மாதிரியே குழாயைச் சுத்துற மவுண்ட். அதோட வாற புத்தகத்தில அந்த அச்சை 40, 50 பாகைக்குச் சரிச்சுப் படம் போட்டிருப்பாங்க, அது ஐரோப்பா அமெரிக்கா ஆக்களுக்கு. அச்சு சரியிற அளவு அந்தந்த ஊர்ட அகலக்கோட்டுப் பாகைதான், மட்டக்களப்புக்கு எட்டுப் பாகைக்குக் கிட்ட, பொத்துவில் பக்கம் ஏழு. எண்டா அச்சு கிட்டத்தட்டப் படுத்த மாதிரி இருக்கும், பாத்திட்டு உடைஞ்சிட்டு எண்டு பயப்பிடாதீங்க, அதுதான் சரி. ஆனா அப்பிடிப் படுத்தா கவுண்டர் வெயிட் வடக்குப் பக்கத்துக் காலில போய் இடிக்கும், அதால ட்ரைபொட்டைக் கிறுக்கி, வடக்கு ரெண்டு காலுக்கு நடுவுல வாற மாதிரி வைங்க. அச்சு நேர வடக்க பாக்குதா எண்டு துருவ நட்சத்திரத்தை வச்சுச் சரிபாக்கச் சொல்லுவாங்க, இஞ்ச அது அடிவானத்துக்கு மேல ஒரு கைமுட்டி உயரம் கூட இல்ல (கையை நீட்டிப் பிடிச்சா ஒரு முட்டி பத்துப் பாகை), பனைக்கும் வீட்டுக் கூரைக்கும் பின்னால மறைஞ்சு போயிரும். போன்ல இருக்கிற கொம்பஸ் போதும், சும்மா கண்ணால பாக்கிறதுக்கு அந்தளவு துல்லியம் காணும்.

பைண்டரைச் சரிசெய்யிறதும் பகல் வேலைதான். ஒரு கிலோமீற்றருக்கு மேல தூரத்தில இருக்கிற ஒண்டைப் பிடிங்க, போன் டவர் உச்சியோ தனிப்பனையோ, பாலமீன்மடுப் பக்கம் இருந்தா வெளிச்சவீடு. 25 மில்லிமீற்றர் ஐபீஸ்ல அதை நடுவுக்குக் கொண்டந்து பூட்டிட்டு, பைண்டர்ட திருகாணிகளைத் திருகி அதே உச்சியை அதுட நடுவுக்கும் கொண்டாங்க. படம் தலைகீழாத்தான் தெரியும், வானத்துக்கு அதால குறையொண்டுமில்ல. புதுசா வாங்கின ஆக்கள் நிலாவைக்கூடப் பிடிக்க ஏலாம மூலையில வச்சிடுறது பெரும்பாலும் இந்த ஒரு வேலையைச் செய்யாமத்தான். பகல்ல பாக்கக்குள்ள சூரியன் பக்கம் குழாயைத் திருப்பவே கூடாது, பிள்ளைகளைத் தனிய விடவும் கூடாது, ஒரு செக்கன்ல கண் போயிரும். பெட்டியோட ஐபீஸ்ல பூட்டுற சூரியப் பில்டர் வந்திருந்தா அதைத் தூக்கி எறிஞ்சிடுங்க, சூட்டுக்கு அது வெடிக்கும்.

குழாய்ட குவியத் தூரத்தை (கண்ணாடியில இருந்து படம் விழுற இடம் மட்டும் உள்ள தூரம்) ஐபீஸ் நம்பரால பிரிச்சா வாறதுதான் பெருப்பம். என்ட குழாய் 900 மில்லிமீற்றர், 25 போட்டா 36 மடங்கு, 10 போட்டா 90. பெட்டியில 675 மடங்கு எண்டு அடிச்சிருப்பாங்க, நம்பாதீங்க, கண்ணாடி எத்தினை மில்லிமீற்றரோ அதுட ரெண்டு மடங்குக்கு மேல போனா மங்கல்தான் பெருசாகும். எப்பவும் 25ல தேடிப் பிடிச்சிட்டுத்தான் 10ஐப் போடுங்க. 90 மடங்கில பூமி சுத்துறது கண்ணுக்கே தெரியும், நடுவுல வச்ச வியாழன் ஒரு நிமிசம் கொஞ்சத்தில ஓரத்துக்குப் போயிரும், ஸ்லோ மோசன் கம்பியை (மவுண்டை மெதுவாத் திருப்புற கைபிடி) மெல்லத் திருகிட்டே இருக்கணும்.

பாக்கிறதுக்கு அரை மணித்தியாலம் முன்னமே குழாயை வெளிய வைங்க, கண்ணாடி ஆறட்டும். இருட்டுக்குப் பழகின கண் கூசாம இருக்க டோச்சுக்குச் சிவப்பு டொபிக் கடதாசி சுத்துங்க. முதல்ல நிலா, ஆனா பூரணையில இல்ல, அரை நிலாவில, வெளிச்சமும் இருட்டும் சேருற கோட்டில குழிகள்ட நிழல் விழுந்து கிடக்கிறதைப் பாருங்க. வியாழனுக்குப் பக்கத்தில கலிலியோ 1610ல கண்ட நாலு நிலாவும் 36 மடங்கிலயே வரிசையா நிக்கும். ஓட்டோவில கொண்டு போய் வந்து படம் சொதசொதப்பா இருந்தா, வெளிச்சமான நட்சத்திரம் ஒண்டைப் போகஸ் விட்டு வட்டமாக்குங்க, உள்ள இருக்கிற கறுப்பு நிழல் நடுவுல இல்லாட்டி அடியில இருக்கிற மூண்டு திருகாணியைக் கால் சுத்துக் கால் சுத்தாத் திருகி நடுவுக்குக் கொண்டாங்க.

முடிஞ்சதும் ரெண்டு பக்க மூடியையும் போட்டு, உலர்ந்த இடத்தில வைங்க. கடற்கரை உப்புக்காத்து கண்ணாடிப் பூச்சை அரிக்கும், நவம்பர்ல இருந்து ஜனவரி மட்டும் மழை ஈரத்தில பூஞ்சணமும் பிடிக்கும்.

மே மாச நடுவுல ராவைக்குப் பத்து மணி போல தெற்க பாருங்க. சித்திரை நட்சத்திரத்தில (ஸ்பைக்கா) இருந்து நேர கீழ மூண்டரைக் கைமுட்டி இறங்கினா மங்கலா ஒரு பொட்டு இருக்கும், ஒமேகா சென்டோரி, லட்சக்கணக்கான நட்சத்திரம் சேந்த கொத்து, 17,000 ஒளியாண்டுக்கு அங்கால. லண்டன்லயும் டொரொன்டோவிலயும் இருக்கிற நம்மட ஆக்களுக்கு இது அடிவானத்துக்கு மேல வரவே வராது, நமக்கு வளவுக்குள்ள நிண்டாலே தெரியும். 25ல பிடிச்சிட்டு 10 போடுங்க, கண்ணை நேர வைக்காமக் கொஞ்சம் ஓரமாப் பாருங்க. முதல்ல ஒரு புகை மாதிரித்தான் இருக்கும், அவசரப்படாம நிண்டா ஓரத்தில மணி மணியா உதிர்ந்து வரும்.