மெயின ஓஃப் பண்ணினாலும் சோலார் வயர்ல கரண்ட் இருக்கும்

கல்லடி, காத்தான்குடி, ஆரையம்பதி எண்டு எங்கட மட்டக்களப்புப் பக்கம் எந்த றோட்டால போனாலும் இப்ப கூரையில சோலார் பெனல்தான், ஆனா அதுல கை வைக்கிற ஆக்கள் விடுற கன பிழை ஒரே நினைப்புல இருந்துதான் வருது, மெயின் சுவிட்ச இறக்கியாச்சு இனிப் பயமில்ல எண்டு.

மெயின இறக்கினா நிண்டுபோறது மின்சார சபைட 230 வோல்ட் மட்டும்தான். வெளிச்சம் இருக்குமட்டும் பெனல் தன்ட பாட்டுல வோல்ட்டேஜ் குடுத்துக்கொண்டே இருக்கும், மப்பா இருந்தாலும் அம்பியர்தான் குறையுமே தவிர வோல்ட் பெருசாக் குறையாது. 5 கிலோவாட் சிஸ்டம் ஒண்ட எடுங்க, 550 வாட் பெனல் ஒண்டுக்கு 50 வோல்ட்டுக்குக் கிட்ட, அப்பிடி 9, 10 பெனல ஒரே வரிசையில கோர்த்தா 450, 500 வோல்ட் டிசி, அதாவது ஒரே திசையில ஓடுற கரண்ட், அத வீட்டுக் கரண்டா மாத்துற இன்வேர்ட்டருக்கு இறங்கி வருது.

அடுத்த பிழைதான் ஆள எரிக்கிறது. சிஸ்டம் ஓடிக்கொண்டிருக்கக்குள்ள பெனல் வயர்கள ஒண்டோட ஒண்டு பூட்டுற எம்சி4 கனெக்டர இழுத்துக் கழட்டுறது. வீட்டு ஏசி கரண்ட் செக்கனுக்கு 100 தரம் பூச்சியத்துக்கு வந்து போறதால பொறி வந்தாலும் தானா அணைஞ்சிரும், டிசி அப்பிடி பூச்சியத்துக்கு வாறதே இல்ல, கழட்டின இடைவெளியில வெல்டிங் அடிக்கிற மாதிரி நிண்டு எரியும், கையும் போகும் கனெக்டரும் உருகும். இதே காரணத்துக்காகத்தான் ஹாட்வெயார்ல மலிவா வாங்கின சாதாரண ஏசி பிரேக்கர டிசி பக்கம் போடவே கூடாது, அது உள்ளுக்கே எரியும். டிசி பிரேக்கர்லயும் சிலதுக்குப் பிளஸ் மைனஸ் பாத்துத்தான் குடுக்கணும்.

2025 சித்திரை வருசத்துக்கு கூரை சோலார பகல்ல ஓஃப் பண்ணச் சொல்லி மின்சார சபை கேட்டது ஞாபகம் இருக்கும். அப்பிடி நிப்பாட்டுறதுக்கு ஒரு ஒழுங்கு இருக்கு, முதல்ல ஏசி பிரேக்கர், மறுகா பெனல் பக்கத்தத் துண்டிக்கிற சுவிட்சான டிசி ஐசொலேட்டர், அவ்வளவுதான், வயர் ஒண்டும் கழட்டத் தேவையில்ல. இன்வேர்ட்டர் மூடியத் திறக்கிறதெண்டா அது பழகின ஆள்ட வேலை, அவரும் 5 நிமிசமாவது, இல்லாட்டி மெனுவல்ல போட்டிருக்கிற அளவுக்குப் பொறுக்கணும், உள்ள கெபாசிட்டர்ல சார்ஜ் நிக்கும்.

மீட்டர் விசயம். அம்பியர் பாக்கிற ஓட்டையில சிவப்பு வயரச் செருகின மாதிரியே விட்டுட்டு வோல்ட் பாக்கப் போனா அது நேர ஷோர்ட்தான். 1000 வோல்ட் டிசிக்குச் சரியான மீட்டர் இல்லாட்டி தொடவேணாம்.

கனெக்டர் அடிக்கிறதுக்குத் தனியா ஒரு கிரிம்பிங் டூல் இருக்கு, எங்கட ஆக்கள் கொஞ்சப் பேர் அத வாங்கச் சோம்பல்பட்டு சும்மா குறட்டாலயே நசுக்கி விடுறாங்க, வெளியால பாக்க வடிவாத்தான் இருக்கும், கொஞ்சம் இழுத்துப் பாத்தா வயர் கழண்டு கையோட வரும். அதோட கடற்கரைப் பக்க உப்புக் காத்து. சரியா மூடாத கனெக்டரத் திறந்து பாத்தா உள்ள இருக்கிற உலோக ஊசியில பச்சை பிடிச்சிருக்கும், அந்த இடம்தான் முதல்ல சூடாகிறது. ரெண்டு பிராண்ட் எம்சி4 ஒண்டுக்குள்ள ஒண்டு 'கிளிக்' எண்டு பூட்டுப்பட்டாலும் உள்ள சரியாப் பிடிக்காது, ரெண்டு பக்கமும் ஒரே பிராண்ட் போடுங்க. வயர ஷீட்டு மேல சும்மா கிடக்க விட்டா தகரத்தின்ட ஓரம் அதை அறுக்கும், கனெக்டர் தண்ணிக்குள்ள ஊறும், ஃபிரேமில டை போட்டுத் தூக்கிக் கட்டணும்.

மாரியில விடிய இன்வேர்ட்டர் ஐசொலேசன் ஃபோல்ட், அதாவது கரண்ட் எங்கயோ கசியுது எண்ட எறர், காட்டுறது இதாலதான் கூட. வெயில் ஏற ஈரம் காய்ஞ்சு அது தானாப் போயிரும், ஆக்களும் றீசெட் பண்ணிட்டு விட்டுருவாங்க. எங்கயோ வயர் தோல் போய் ஃபிரேமையோ தகரத்தையோ தொட்டுக்கொண்டு நிக்கலாம் எண்டுதான் அதுக்கு அர்த்தம், எர்த் சரியில்லாத வீட்டில அந்த ஃபிரேமே ஷொக் அடிக்கும். அந்த எறர் வந்த அண்டைக்கு பெனல் கழுவ ஏணி வைக்கவேணாம், பூட்டின ஆக்களக் கூப்பிட்டு வயர் தோல் சரியா எண்டு பாக்கிற மெக்கர் மீட்டர் போட்டுப் பாக்கச் சொல்லுங்க.