கேரவனில் ஏற்காடு: அறுபதைக் கடந்த ஓட்டுநர் இதயத்தைக் காத்துக்கொள்ளும் முறை

பணி ஓய்வுக்குப் பிறகு டெம்போ டிராவலர் போன்ற ஒரு வண்டியில் படுக்கை, அடுப்பு, கழிப்பறை ஆகியவற்றைப் பொருத்திக்கொண்டு, கணவனும் மனைவியுமாக ஊர் ஊராகச் சென்றுவரும் பழக்கம் தமிழ்நாட்டிலும் மெல்லப் பரவிவருகிறது. பெங்களூரிலிருந்தும் கோவையிலிருந்தும் அரை நாளில் வந்துசேர முடிவதால், சேலத்தையும் சேர்வராயன் மலையையும் பலர் தங்கள் முதல் பயணத்துக்குத் தேர்ந்தெடுக்கிறார்கள். சேலம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 280 மீட்டர் உயரத்திலும் ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரத்திலும் உள்ளன. இரண்டுக்கும் இடையில் சுமார் 30 கிலோமீட்டர் தூரமும் 20 கொண்டை ஊசி வளைவுகளும் இருக்கின்றன. ரத்த அழுத்தம், சர்க்கரை, இதய நோய் ஆகியவற்றில் ஒன்றோ பலவோ உள்ள மூத்த ஓட்டுநர்களுக்காகவும் அவர்களுடன் பயணம் செய்யும் துணைக்காகவும் இது எழுதப்படுகிறது.

இதய நோயாளிகள் பலர் முதலில் அஞ்சுவது மலையின் உயரத்தைத்தான். ஏற்காட்டில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதைவிட ஆறில் ஒரு பங்கு அளவுக்குக் குறைவாக இருக்கும். நோய் கட்டுக்குள் இருப்பவர்களின் இதயம் இந்த அளவைப் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். அண்மையில் மாரடைப்பு வந்தவர்களும், ஓய்வில் இருக்கும்போதே நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ வருகிறவர்களும் மட்டும் மலையேறுவதைத் தள்ளிப்போட வேண்டும். மற்றவர்களுக்கு உண்மையான ஆபத்து நெடுநேரம் அசையாமல் உட்காருவதிலும், தவறவிட்ட மாத்திரையிலும், திடீரெனத் தூக்கும் பளுவிலும், மூடிய வண்டிக்குள் எரியும் அடுப்பிலும் இருக்கிறது. எல்லாவற்றையும்விடப் பெரிய ஆபத்து, நெஞ்சில் வலி தோன்றிய பிறகும் “இன்னும் கொஞ்ச தூரம்தானே” என்று வண்டியை ஓட்டிச் செல்வதுதான்.

புறப்படுவதற்கு முன்

பயணத்துக்கு மூன்று, நான்கு வாரங்களுக்கு முன்பே உங்கள் இதய மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். மருந்தில் மாற்றம் தேவைப்பட்டால், அந்த மாற்றம் உடலுக்குப் பழகுவதற்கு அந்த அவகாசம் வேண்டும். “ஊருக்குப் போகலாமா” என்று பொதுவாகக் கேட்காமல், எவ்வளவு எடையுள்ள வண்டி, ஒரு நாளில் எத்தனை மணி நேரம் ஓட்டப்போகிறீர்கள், மலைப்பாதை உண்டா, மாற்று ஓட்டுநர் உண்டா என்பதையெல்லாம் சொல்லிக் கேட்பதே பயன் தரும். 55 வயதைக் கடந்தவர்களுக்கு ஓட்டுநர் உரிமம் ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுகிறது. அப்போது படிவம் 1ஏ மருத்துவச் சான்றும் கேட்கப்படுகிறது. அந்தச் சான்று கையில் இருப்பதால் இதயம் ஐந்து ஆண்டுகளுக்கு நலமாக இருக்கும் என்று கருதிவிடக் கூடாது.

மாரடைப்புக்கோ அறுவை சிகிச்சைக்கோ பிறகு எப்போது ஓட்டத் தொடங்கலாம் என்பதில் குழப்பம் நிறைய உண்டு. பிரிட்டனில் இதற்கு எழுதப்பட்ட விதி இருக்கிறது: மாரடைப்புக்கு, அடைபட்ட ரத்தக் குழாயைத் திறந்து வைக்கும் ஸ்டென்ட் என்ற சிறு வலைக்குழாய் வெற்றிகரமாக வைக்கப்பட்டு, இதயத்தின் இயக்கமும் போதுமான அளவில் இருந்தால், சொந்தக் கார் ஓட்டுகிறவர் ஒரு வாரத்திலும், அவ்வாறு இல்லாதவர் நான்கு வாரத்திலும் ஓட்டலாம். பைபாஸ் செய்துகொண்டவர் குறைந்தது நான்கு வாரமும், மாரடைப்பு வந்தவர் பேருந்து, லாரி போன்ற பெரிய வண்டியை ஓட்டுகிறவரானால் குறைந்தது ஆறு வாரமும் பொறுத்திருக்க வேண்டும். கேரவன் காரைவிடக் கனமானது, மலைப்பாதையில் அதன் ஸ்டியரிங்கைத் திருப்பும் உழைப்பும் கூடுதல் என்பதால், ஆறு வாரத்தையே குறைந்தபட்ச அளவாக வைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து. பைபாஸின்போது பிளந்து கட்டப்பட்ட மார்பெலும்பு நன்றாகக் கூடுவதற்குப் பொதுவாக இரண்டு முதல் மூன்று மாதங்கள் பிடிப்பதால், அவர்கள் அதுவரை பயணியாக வருவதே நல்லது. இறுதி முடிவு உங்களைச் சோதித்த மருத்துவருடையதாகவே இருக்கட்டும்.

வீட்டிலேயே செய்து பார்க்கக்கூடிய எளிய சோதனை ஒன்று உண்டு. இரண்டு மாடிப் படிகளை வழக்கமான வேகத்தில் ஏறும்போது நெஞ்சு இறுக்கமோ, பேச முடியாத அளவுக்கு மூச்சிரைப்போ ஏற்பட்டால், மருத்துவர் பார்த்துச் சொல்லும்வரை பயணம் வேண்டாம்.

அண்மையில் எடுத்த இசிஜியின் படத்தை உங்கள் அலைபேசியிலும் துணையின் அலைபேசியிலும் வைத்துக்கொள்ளுங்கள். பழைய இசிஜியில் ஏற்கெனவே மாற்றங்கள் உள்ளவருக்கு, புதிதாக எடுப்பதில் தெரிவது பழையதா புதியதா என்று அறிய முன்பின் தெரியாத மருத்துவருக்கு அந்தப் படம் பெரிதும் உதவும். மாத்திரைகளின் பெயர், அளவு, ஒவ்வாமை, ரத்தம் உறையாமல் இருக்க எடுக்கும் மருந்து ஆகியவற்றைத் தாளில் எழுதி ஓட்டுநர் இருக்கைக்கு மேல் ஒட்டிவைக்கலாம். மாத்திரைகளைத் தேவைக்கு மேல் ஒரு வாரத்துக்குக் கூடுதலாக எடுத்துச் செல்லுங்கள்.

அவற்றை வைக்கும் இடமும் முக்கியம். சேலத்தில் கோடையில் வெப்பம் 40 டிகிரி செல்சியஸை எட்டுவது வழக்கம். வெயிலில் மூடி நிறுத்திய வண்டிக்குள் அது இன்னும் வெகுவாக உயரும். நாக்குக்கு அடியில் வைக்கும் நைட்ரோகிளிசரின் மாத்திரையும் இன்சுலினும் அந்த வெப்பத்தில் வீரியம் இழக்கும். இன்சுலினைக் குளிர்பெட்டியில் வைக்கலாம். அவசர மாத்திரை முன்பக்கப் பெட்டியில் வெந்துகொண்டிருக்காமல், சட்டைப் பையிலோ கைப்பையிலோ எப்போதும் உங்களுடனேயே இருக்க வேண்டும்.

ஓட்டும் நாளில்

நான்கு மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து உட்கார்ந்து பயணம் செய்யும்போது, காலின் ஆழ்ந்த சிரைகளில் ரத்தம் உறையும் வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்காகிறது என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு கண்டது. அப்படி உறைந்த ரத்தக்கட்டி நுரையீரலுக்குச் சென்று அடைத்தால் உயிருக்கே ஆபத்து. ஆகவே ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறையாவது வண்டியை நிறுத்தி, இறங்கி, பத்து நிமிடம் நடந்துவிட்டு வாருங்கள். ஒரு நாளில் நான்கு மணி நேர ஓட்டமே போதும். சென்னையிலிருந்து வருகிறவர்கள் சுமார் 340 கிலோமீட்டரை ஒரே மூச்சில் ஓட்டிவிட்டு அதே மாலையில் மலையேறுவது எந்த வகையிலும் தேவையற்றது. தனக்கென ஒரு படுக்கையை வண்டியிலேயே வைத்திருப்பவர் அவசரப்பட வேண்டிய காரணமே இல்லை.

சிறுநீர் பிரிய வைக்கும் மாத்திரையைப் பயண நாளில் தாமாகவே நிறுத்திவிடுவது முதியவர்களிடம் மிகப் பரவலாக உள்ள பழக்கம். வழியில் கழிப்பறை கிடைக்காதே என்ற தயக்கத்தில் தண்ணீரையும் குறைத்துக்கொள்கிறார்கள். முதலாவது செயல் உடலில் நீர் தேங்க வைத்து மூச்சுத்திணறலில் முடியலாம். இரண்டாவது செயல் ரத்தம் உறைவதற்குத் துணைபோகும். கழிப்பறையுள்ள வண்டியில் செல்கிறவர்களுக்கு இந்தத் தயக்கம் வேண்டியதில்லை. இதயச் செயலிழப்பு உள்ளவர்கள் ஒரு சிறிய எடை பார்க்கும் கருவியை எடுத்துச் சென்று, தினமும் காலையில் சிறுநீர் கழித்தபின் எடை பார்க்க வேண்டும். மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால், கால் வீக்கம் தெரிவதற்கு முன்பே நீர் தேங்கத் தொடங்கிவிட்டது என்று பொருள். அன்றே மருத்துவரை அழையுங்கள்.

நீண்ட ஓட்டத்தால் வரும் முதுகுவலிக்கு மருந்துக்கடையில் டைக்ளோஃபினாக் போன்ற வலிநிவாரணியைக் கேட்டு வாங்கி விழுங்குவதையும் தவிர்க்க வேண்டும். அந்த வகை மாத்திரைகள் உப்பையும் நீரையும் உடலில் தேக்கி, ரத்த அழுத்தத்தை உயர்த்தும். மாரடைப்பு வாய்ப்பையும் கூட்டும். மூக்கடைப்புக்கு விற்கப்படும் பல சளி மாத்திரைகளும் அழுத்தத்தை உயர்த்துபவையே. எதை வாங்கினாலும் “எனக்கு இதய நோய் இருக்கிறது” என்று முதலில் சொல்லிவிட்டுக் கேளுங்கள்.

டயர் மாற்றுவது, நிரம்பிய சமையல் எரிவாயு சிலிண்டரைத் தூக்குவது, நின்றுபோன வண்டியைத் தள்ளுவது ஆகிய மூன்றையும் எவ்வளவு பழகியவராக இருந்தாலும் இதய நோயாளி செய்யக் கூடாது. மூச்சை அடக்கித் தம் கட்டும்போது ரத்த அழுத்தம் சட்டென்று எகிறும். கூலி கொடுத்து ஆள் வைத்துக்கொள்ளுங்கள்.

உணவில் கவனிக்க வேண்டியது உப்பும் அளவும். ஒரு நாளைக்கு ஐந்து கிராமுக்குக் குறைவான உப்பே போதும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. ஊறுகாய், அப்பளம், சிப்ஸ், கடைச் சட்னி ஆகியவற்றால் அந்த அளவு மதியத்துக்குள்ளாகவே தாண்டிவிடும். சேலத்துக்கு வந்து தட்டுவடை செட் சாப்பிடாமல் போகச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் ஒரு தட்டை இருவர் பகிர்ந்துகொள்ளலாம். வயிறு நிறைய உண்டவுடன் மலையேறவும் வேண்டாம்.

மலைப்பாதையில்

முதல் இரவைச் சேலத்தில் கழித்துவிட்டு, நன்றாக உறங்கி எழுந்து, மாத்திரையும் சிற்றுண்டியும் முடித்து, பனிமூட்டம் விலகிய பிறகு ஏறத் தொடங்குங்கள். மாரடைப்பு விடியற்காலையிலிருந்து முற்பகல் வரை அதிகமாக வருவதால், அந்த நேரத்தில் பதற்றமும் அவசரமும் சேரக் கூடாது. மே மாதக் கோடை விழா நாட்களிலும் வார இறுதிகளிலும் பாதை வண்டிகளால் நிரம்பிவிடும். நேரத்தைத் தேர்ந்தெடுக்கும் வசதியுள்ள ஓய்வுபெற்றோர் வாரநாளில் வருவதே நல்லது. பின்னால் வரும் வண்டி ஒலியெழுப்பினால் இடமுள்ள வளைவில் ஒதுங்கி வழிவிட்டுவிடுங்கள். இறங்கும்போது ஏறிவரும் வண்டிக்கே முன்னுரிமை என்பதை நினைவில் கொண்டு, தாழ்ந்த கியரிலேயே வாருங்கள். இருட்டியபின் ஏறவும் வேண்டாம், இறங்கவும் வேண்டாம்.

மேலே சென்றபின் ஏரியைச் சுற்றிய நடை இதயத்துக்கு நல்லது. லேடிஸ் சீட், பகோடா பாயிண்ட் ஆகிய இடங்களுக்கு வண்டியிலேயே செல்லலாம். கிளியூர் அருவிக்கு மட்டும் நான் எச்சரிக்கை சொல்வேன்: இறங்கும்போது ஒன்றும் தெரியாது, களைத்த கால்களோடு அதே செங்குத்தான பாதையில் ஏறித் திரும்பும்போதுதான் இதயத்தின் பாரம் தெரியும், பாதி வழியில் வலி வந்தால் தூக்கிவருவதும் கடினம்.

வண்டிக்குள் இரவு

மார்கழி, தை மாத இரவுகளில் ஏற்காட்டின் குளிர் சமவெளியிலிருந்து வந்தவர்களை நடுங்க வைக்கும். குளிரில் ரத்தக் குழாய்கள் சுருங்கி அழுத்தம் கூடும் என்பதால் குல்லாய், கம்பளி, காலுறை ஆகியவை அவசியம். ஆனால் சன்னல்களை அடைத்துக்கொண்டு கரிச்சட்டியையோ எரிவாயு அடுப்பையோ எரியவிட்டுக் குளிர்காயவே கூடாது. நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு வாயு, ரத்தத்தில் ஆக்சிஜன் அமர வேண்டிய இடத்தைப் பிடித்துக்கொள்ளும்; இதயத் தமனி சுருங்கியவர்களுக்குக் குறைந்த அளவே நெஞ்சுவலியைத் தூண்டப் போதுமானது. 2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரையில் நிறுத்தப்பட்டிருந்த ஒரு கேரவனுக்குள் இருவர் இறந்து கிடந்ததற்கும் ஜெனரேட்டரிலிருந்து கசிந்து உள்ளே புகுந்த இந்த வாயுவே காரணம் என்று கண்டறியப்பட்டது. உறங்கும்போது ஜெனரேட்டரை நிறுத்திவிடுங்கள். இந்த வாயுவைக் கண்டு ஒலியெழுப்பும் கருவியைப் படுக்கைக்கு அருகில் பொருத்துங்கள். வண்டிக்குச் செலவழிக்கும் தொகையில் அதன் விலை மிகச் சிறியது.

பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் இண்டக்‌ஷன் அடுப்பிலிருந்து இரண்டடி தூரம் விலகியிருக்க வேண்டும். ஒடுங்கிய கேரவன் சமையல் மேடையில் அது கடினம் என்பதால் சமையலை மற்றவரிடம் விட்டுவிடலாம். ஓடிக்கொண்டிருக்கும் என்ஜின்மீது குனிந்து பார்ப்பதும் அவர்களுக்கு ஆகாது.

அறிகுறி தென்பட்டால்

நெஞ்சின் நடுவில் அழுத்தம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை ஆகியவற்றை எல்லோரும் அறிவார்கள். முதியவர்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் பெண்களுக்கும் வலியே இல்லாமல் மூச்சிரைப்பாகவோ, மேல்வயிற்று எரிச்சலாகவோ, காரணமற்ற களைப்பாகவோ மாரடைப்பு வரலாம். நம் ஊரில் அதற்கு ‘வாயு’ என்று பெயர் சூட்டி, சோடா குடித்து, ஏப்பம் வரக் காத்திருந்தே விலைமதிப்பற்ற நேரத்தை இழந்தவர்கள் ஏராளம். வழக்கமில்லாத வாயுத் தொல்லை வியர்வையோடு சேர்ந்து வந்தால், அது இதயத்திலிருந்து வருகிறது என்றே கொண்டு செயல்படுங்கள்.

ஓட்டிக்கொண்டிருக்கும்போது வந்தால் உடனே ஓரங்கட்டி, கைப்பிரேக் போட்டு, என்ஜினை அணைத்து, நான்கு விளக்குகளையும் மினுக்கவிட்டு, கதவின் பூட்டைத் திறந்துவிடுங்கள். அடுத்து 108-ஐ அழையுங்கள். ஏற்காடு மலைப்பாதையில் கொண்டை ஊசி வளைவுகளுக்கு எண் பலகை உண்டு. கடைசியாகக் கடந்த எண்ணைச் சொன்னால் ஆம்புலன்ஸ் தேடி அலைய வேண்டியிருக்காது. ஒவ்வொரு வளைவிலும் துணையிடம் அந்த எண்ணை வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். அலைபேசிக்குத் தொடர்பு கிடைக்காவிட்டால், போகும் வண்டியை நிறுத்திச் செய்தி அனுப்பலாம். நோயாளி தாமே ஓட்டிக்கொண்டு இறங்குவதை எந்தக் காரணத்துக்காகவும் அனுமதிக்கக் கூடாது. வழியில் நினைவு தவறினால் எதிரே வருகிறவர்களின் உயிரும் போகும்.

மருத்துவர் முன்பே எழுதிக்கொடுத்திருந்தால் சார்பிட்ரேட், நைட்ரோகிளிசரின் போன்ற அவசர மாத்திரையை உட்கார்ந்த நிலையில் நாக்கின் அடியில் வையுங்கள். நின்றுகொண்டு வைத்தால் அழுத்தம் தாழ்ந்து மயங்கி விழ நேரும். ஆண்மைக் குறைவுக்கான சில்டெனாஃபில் மாத்திரையை 24 மணி நேரத்துக்குள்ளும், டடாலாஃபிலை 48 மணி நேரத்துக்குள்ளும் எடுத்தவர்கள் இதைத் தொடவே கூடாது. கூச்சப்படாமல் இதைத் துணையிடமும் ஆம்புலன்ஸ் பணியாளரிடமும் சொல்லிவிடுங்கள். ஆஸ்பிரின் ஒவ்வாமையோ ரத்தக் கசிவோ இல்லாதவர்கள் 300 மி.கி. அளவு ஆஸ்பிரினை மென்று விழுங்கலாம். இதையும் பயணத்துக்கு முன்பே மருத்துவரிடம் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

2023 ஜூனில் தமிழ்நாடு அரசு தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தின்படி, ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் துணை சுகாதார நிலையங்களிலும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அட்டோர்வாஸ்டாடின் ஆகியவை சேர்ந்த 14 மாத்திரைகள் முதல் தவணையாகக் கொடுக்கப்பட்டு, நோயாளி பெரிய மருத்துவமனைக்கு அனுப்பப்படுகிறார். ஏற்காட்டில் அரசு மருத்துவமனை இருக்கிறது. சேலத்தில் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. இதயக் குழாய் அடைப்பைத் திறக்கும் ஆஞ்சியோபிளாஸ்டி சிகிச்சையை இரவும் பகலும் செய்யும் மருத்துவமனைகள் எவை என்பதை மலையேறுவதற்கு முன்பே விசாரித்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மூச்சும் நினைவும் நின்றுபோனால், மார்பின் நடுவில் ஐந்து சென்டிமீட்டர் ஆழம் இறங்கும்படி நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்த வேண்டும். வண்டியில் இருக்கும் இருவருமே இதைப் பயிற்சியாகக் கற்றிருக்க வேண்டும் என்று வற்புறுத்திச் சொல்வேன்.

பயணம் முடிந்து வீடு திரும்பிய பிறகும் நான்கு வாரங்கள்வரை கால்களைக் கவனித்துவர வேண்டும். ஒரு காலில் மட்டும் கெண்டைச் சதை வீங்கி வலித்தால் அன்றே மருத்துவமனைக்குச் சென்று, நெடும்பயணம் செய்ததைக் குறிப்பிட்டுச் சொல்லி, ஸ்கேன் எடுக்கக் கேளுங்கள். அதோடு திடீர் மூச்சிரைப்பும் சேர்ந்தால் 108-ஐ அழைக்கத் தயங்க வேண்டாம்.