தொழுவத்துக்குள் கேமராவோடு போகும்போது: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாட்டைப் படமெடுக்கப் போகிறவர்கள் செய்யும் முதல் தவறு, பின்பக்கமாகச் சத்தமில்லாமல் நெருங்குவது. கண்கள் தலையின் இரு பக்கமும் இருப்பதால் மாட்டுக்குச் சுற்றிலும் ஏறக்குறைய 330 பாகை தெரியும். நேர் பின்னால் மட்டும் தெரியாது. அங்கே திடீரென்று ஆள் முளைத்தால் மிரளும், உதைக்கும். பக்கவாட்டில், அது பார்க்கும்படி மெதுவாகப் போங்கள். படுத்து அசைபோடும் மாடு வாயை நிறுத்தி, காதுகளை உங்கள் பக்கம் திருப்பினால் அங்கேயே நின்றுவிடுங்கள். இன்னும் ஓரடி வைத்தால் எழுந்துவிடும். அதை எழுப்பாமல் எடுத்ததுதான் நல்ல படம் என்பேன். கன்றுக்கும் தாய்க்கும் நடுவில் மட்டும் போகவே கூடாது.

இருட்டுத் தொழுவத்தில் ஃபிளாஷ் வேண்டாம். ஆட்டு மந்தைக்கு மேல் ட்ரோனைத் தாழப் பறக்கவிட்டால் ஆடுகள் சிதறி ஓடி வேலியில் மோதும். ஒரு பண்ணையில் மிதித்த செருப்போடு அடுத்த பண்ணைக்குள் நுழையாதீர்கள். கோமாரியும் பறவைக் காய்ச்சலும் சேற்றோடு ஒட்டிக்கொண்டு போகும்.

அப்புறம், மனிதர்கள். 1936-இல் கலிஃபோர்னியாவில், பட்டாணி பறிக்க வந்தவர்களின் முகாமில் டோரதியா லாங் என்ற புகைப்படக் கலைஞர் ஒரு தாயைப் படமெடுத்தார். உலகமே பார்த்த படம் அது. ஆனால் அந்தத் தாயின் பெயரை அவர் கேட்கவே இல்லை. அந்தத் தாய் ஃபுளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன் என்பது 1978-இல்தான் வெளியே தெரிந்தது. அந்தப் படத்தால் தனக்கு ஒரு காசும் வரவில்லை, எடுக்காமலே இருந்திருக்கலாம் என்று வருந்தினார். பெயர் கேட்க எவ்வளவு நேரம் ஆகிவிடும்?

படமெடுக்கும்போது விவசாயிகளிடம் கையிலிருக்கும் செல்போனை உள்ளே வைக்கச் சொல்வதும், பழைய சட்டையைப் போடச் சொல்வதும் எனக்குப் பொறுக்காது. அவர்கள் வாழ்க்கையை அவர்களிடமே திருத்துகிற வேலை அது.

எடுத்த படத்தை அவர்களுக்குக் காட்டாமல் கிளம்பாதீர்கள். ஒரு முறை ஒரு பெரியவருக்கு நான் காட்டியபோது அவர் தன் முகத்தைப் பார்க்கவே இல்லை. பின்னால் நின்ற பசுவின் வீங்கிய முழங்காலைத் தொட்டுக் காட்டி, “மருந்து போட்டுக்கிட்டுதான் இருக்கேன். இதைப் பார்த்தா கவனிக்காம விட்டுட்டேன்னு நினைப்பாங்க தம்பி” என்றார். அவர் கண் முன்னாலேயே அழித்துவிட்டு, மறுபக்கம் போய் நின்று எடுத்தேன்.