இடுப்பில் உலோக மூட்டு இருப்பவருக்கு சிடி: கீற்றுகளைக் குறைப்பது எப்படி?

இரு பக்க இடுப்பு மூட்டும் மாற்றியவருக்கு ஸ்கேன் எடுத்தால், இரண்டு உலோகப் பந்துகளுக்கும் நடுவே கறுப்புப் பட்டை ஒன்று விழும். உலோகத்தால் படத்தில் விழும் இத்தகைய பட்டைகளும் கோடுகளுமே கீற்றுகள். சிறுநீர்ப்பையும் புராஸ்டேட்டும் அதற்குள் மறைந்துபோகும். ஆற்றல் குறைந்த எக்ஸ்ரேயை உலோகம் விழுங்கிவிடுவது ஒரு காரணம். இரண்டு பந்துகளையும் ஒரே நேர்கோட்டில் கடக்கும் கதிர் டிடெக்டரைச் சரியாக எட்டாததே பெரிய காரணம்.

எந்த உலோகம் என்பதை அறுவை சிகிச்சைக் குறிப்பில் பாருங்கள். டைட்டானியம் அவ்வளவாகத் தொல்லை தராது. கோபால்ட்-குரோமும் ஸ்டீலும் ஏறக்குறைய இரு மடங்கு அடர்த்தி. கீற்றும் அதற்கேற்ப மோசமாகும். பெல்ட், ஜிப், வெள்ளி அரைஞாண் எல்லாவற்றையும் கழற்றச் சொல்லுங்கள். முழங்கால் மூட்டு என்றால் மறு காலை மடக்கி வைத்தாலே பாதி வேலை முடிந்தது. இரண்டு முழங்காலும் ஒரே தளத்தில் வரக்கூடாது.

எக்ஸ்ரே குழாயின் மின்னழுத்தத்தை 120-க்குப் பதில் 140 கேவி (கிலோவோல்ட்) வையுங்கள். எம்ஏஎஸ்ஸை (குழாய் கரண்ட் × நேரம்) மாற்றாவிட்டால் டோஸ் (கதிர்வீச்சு அளவு) சுமார் 40 விழுக்காடு கூடும். இளவயதினருக்கு இதை யோசித்தே செய்ய வேண்டும். காலிமேஷன் (ஒவ்வொரு டிடெக்டர் வரிசையின் தடிமன்) மெல்லியதாக, 0.6 மி.மீ. அளவில், பிட்ச் (ஒரு சுற்றில் மேசை நகரும் அளவு) குறைவாக இருக்கட்டும். உடலின் தடிமனுக்கேற்ப கரண்டைத் தானே மாற்றும் டோஸ் மாடுலேஷன், உலோகத்தைக் கண்டதும் கரண்டைத் தாறுமாறாக ஏற்றுகிறதா என்று டோப்போகிராமுக்கு (ஸ்கேனுக்கு முந்தைய முன்னோட்டப் படம்) பின் ஒருமுறை பாருங்கள்.

ரீகன்ஸ்ட்ரக்ஷனில் (தரவிலிருந்து படத்தை உருவாக்கும்போது) 2 முதல் 3 மி.மீ. ஸ்லைஸும் சாஃப்ட் கெர்னலும் (படத்தை மென்மையாக்கும் வடிகட்டி) போதும். போன் கெர்னல் எலும்பைக் கூர்மையாக்கும்போது கீற்றுகளையும் சேர்த்தே கூர்மையாக்கும். சாதாரண அளவுகோல் 3071 எச்யூவோடு (சிடி படத்தில் அடர்த்தியைக் காட்டும் அலகு) நின்றுவிடும் என்பதால், உலோகத்தின் விளிம்பைப் பார்க்க எக்ஸ்டெண்டட் ஸ்கேலை இயக்குங்கள். பார்க்கும்போது விண்டோ (திரையில் காட்டும் எச்யூ வரம்பு) அகலம் 3000 முதல் 4000 வரை, லெவல் (அதன் நடுப்புள்ளி) 800 அளவில் வைத்தால் கண்ணை உறுத்தும் வெள்ளை அடங்கும்.

டூயல் எனர்ஜி (இரு வேறு ஆற்றல்களில் ஸ்கேன் செய்யும் வசதி) இருந்தால் 110 முதல் 140 கேஇவி மோனோ படங்கள் (ஒரே ஆற்றலில் எடுத்தது போலக் கணக்கிட்ட படங்கள்) எடுங்கள். டைட்டானியத்துக்கு நன்றாக உதவும், கோபால்ட்-குரோமுக்கு அந்த அளவுக்கு இல்லை. அயோடின் கான்ட்ராஸ்ட் இவ்வளவு உயர்ந்த கேஇவியில் மங்கிவிடும். ரத்தக்குழாயைப் பார்க்க இந்தப் படங்களை நம்பாதீர்கள்.

கதிரே எட்டாத இடத்தில் மார் (MAR, உலோகக் கீற்றைக் குறைக்கும்) மென்பொருள்தான் வழி. சீமென்ஸில் ஐமார், பிலிப்ஸில் ஓ-மார், ஜிஇயில் ஸ்மார்ட் மார், கேனானில் செமார். ஐமாரில் இடுப்பு, முதுகெலும்பு, பல் எனத் தனித்தனி அமைப்புகள் உண்டு. தவறானதைத் தேர்ந்தால் புதுக் கீற்றுகள் முளைக்கும்.

இங்கே மிகவும் கவனம் தேவை. மென்பொருள் இட்டுநிரப்பிய படத்தில் உலோகத்தை ஒட்டி மெல்லிய கறுப்பு வளையம் தோன்றலாம். பார்க்க மூட்டு தளர்ந்ததுபோலவே இருக்கும். முதுகெலும்பு ஸ்க்ரூ நிஜத்தைவிட மெலிந்து காட்டலாம். எனவே மார் போடாத படத்தையும் அதே ஸ்லைஸில் பாக்ஸுக்கு (PACS, படங்களைச் சேமித்துப் பார்க்கும் கணினி அமைப்பு) அனுப்புங்கள். அந்த வளையம் மார் படத்தில் மட்டும் இருந்தால், ரிப்போர்ட்டில் தளர்வு என்று எழுத அதை ஆதாரமாகக் கொள்ளக்கூடாது.