சரித்திரப் படம் எடுக்கிறீர்களா? சம்பளக் கணக்கிலிருந்து தொடங்குங்கள்

திரைக்கதை கைக்கு வந்ததும் நான் முதலில் தேடுவது அந்தக் காலத்துச் சம்பளக் கணக்கை. உடையும் வாளும் பிறகுதான். அரசவை வரலாறு எழுதியவர்கள் அரசனைத்தான் எழுதினார்கள். மற்றவர்கள் கணக்குப் புத்தகத்தில் இருக்கிறார்கள்.

ஜான் பிளாங்கையே எடுத்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்து அரசவையில் எக்காளம் ஊதிய கறுப்பினத்தவர். 1507இல் நாளுக்கு 8 பென்ஸ் கூலி வாங்கியது பதிவாகியிருக்கிறது. 1511ஆம் ஆண்டு வெஸ்ட்மின்ஸ்டரில் நடந்த குதிரைவீரர் போட்டியைக் காட்டும் ஓவியச் சுருளில், தலைப்பாகையோடு குதிரைமேல் இரண்டு இடங்களில் தெரிகிறார். மன்னர் எட்டாம் ஹென்றியிடம் மனுப் போட்டுக் கூலியையும் உயர்த்திக்கொண்டார். "அந்தக் காலத்தில் அங்கே ஏது கறுப்பர்கள்?" என்று தயாரிப்பாளர் கேட்டால், அந்தச் சுருளைக் காட்டுங்கள்.

ஆளைப் பின்வரிசையில் நிறுத்திவிட்டால் போதாது. அவருக்கு ஒரு தேவை கொடுங்கள், வசனம் கொடுங்கள். அந்த மனு ஒன்றே முழுக் காட்சிக்குத் தாங்கும்!

அதே சமயம், பாகுபாட்டைத் துடைத்துவிடாதீர்கள். அடிமைகள் உழைத்த பண்ணையில் எல்லோரும் சிரித்துப் பேசுவதாகக் காட்டுவது, அங்கே அடிபட்டவர்களுக்குச் செய்யும் அநியாயம். இதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை.

நிறம் பாராமல் நடிகர்களைத் தேர்ந்தெடுப்பதும் நல்ல வழிதான். முதல் காட்சியிலேயே அதைத் தெளிவாக்கி, கடைசிவரை மாறாமல் இருங்கள்.

முதல் உலகப்போர்க் காட்சி என்றால், துணை நடிகர் பட்டியலை ஒருமுறை திரும்பப் பாருங்கள். அந்தப் போரில் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் கடல் கடந்து பணியாற்றினார்கள்.