வார்ஹேமர் ஆறாம் பதிப்பு: மதுரையில் தொடங்குபவர்கள் சறுக்கும் இடங்கள்

தாயம் ஆட்டத்தில் ஊருக்கு ஒரு விதி உண்டு. ஆட உட்காரும் முன்பே அதைப் பேசி முடித்துக்கொள்வார்கள். சின்னப் பொம்மைப் படைகளை மேசையில் நிறுத்தி, டைஸ் உருட்டி மோதவிடும் வார்ஹேமர் ஃபேன்டஸி பேட்டில் ஆட்டத்தில் புதிதாக இறங்குபவர்கள் இதைத்தான் மறந்துவிடுகிறார்கள். 1983 முதல் 2010 வரை இந்த ஆட்டத்துக்கு எட்டுப் பதிப்புகள் வந்தன. 2015இல் அதன் இடத்தை ஏஜ் ஆஃப் சிக்மார் என்ற வேறு ஆட்டம் பிடித்தது. 2024இல் தி ஓல்ட் வேர்ல்ட் என்ற பெயரில், வேறு விதிகளோடு திரும்பி வந்தது. இங்கே பேசுவது 2000இல் வெளியான ஆறாம் பதிப்பை.

முதல் தவறும் பெரிய தவறும் பதிப்புகளைக் கலப்பதுதான். கையில் இருப்பது ஆறாம் பதிப்பு விதிப்புத்தகம், கிடைத்த ஆர்மி புக் (ஒரு படைக்கான தனிப் புத்தகம்) எட்டாம் பதிப்பு, யூடியூபில் பார்த்துப் பழகியது ஓல்ட் வேர்ல்ட். மூன்றும் அண்ணன் தம்பி போலத்தான் இருக்கும், ஆனால் குணம் வேறு.

தூரம் அளப்பதையே எடுத்துக்கொள்வோம். ஆறாம் பதிப்பில் சார்ஜ் தூரம், அதாவது எதிரி மேல் பாய்ந்து மோதும் தூரம், நகர்வெண்ணின் (ஒரு முறையில் எத்தனை அங்குலம் நகரலாம் என்ற எண்) இரண்டு மடங்கு: மனிதக் காலாட்படைக்கு 8 அங்குலம், குள்ளர்களுக்கு 6, நகர்வெண் 8 உள்ள குதிரைக்கு 16. கண்ணளவில் மதிப்பிட்டு ‘சார்ஜ்’ என்று சொன்ன பிறகுதான் டேப்பைத் தொடலாம். எட்டாம் பதிப்பில் முன்கூட்டியே அளக்கலாம், ஆனால் நகர்வெண்ணோடு இரண்டு டைஸ் உருட்டிக் கூட்ட வேண்டும். ‘அளக்கும் வசதியை மட்டும் அங்கிருந்து எடுத்துக்கொள்வோமே’ என்று தோன்றும். அங்கேதான் பீரங்கி ஆட்டத்தைக் கெடுக்கும். ஆறாம் பதிப்பில் பீரங்கிக்காரர் தூரத்தை ஊகித்துச் சொல்கிறார், அதோடு ஆர்ட்டிலரி டைஸ் (2, 4, 6, 8, 10, ஒரு பக்கம் மிஸ்ஃபயர், அதாவது சுடுவதில் கோளாறு) காட்டும் எண் கூடுகிறது, பிறகு குண்டு துள்ளி ஓடுகிறது. தூரம் முன்பே துல்லியமாகத் தெரிந்தால், இலக்குக்குச் சில அங்குலம் முன்னால் குறிவைத்துச் சுலபமாக அடித்துவிடலாம். பீரங்கியின் பாயிண்ட் விலையில் (படையில் ஒவ்வொன்றுக்கும் விதிப்படி இப்படி ஒரு விலை உண்டு) ஊகம் தவறும் வாய்ப்பும் சேர்ந்திருக்கிறது.

அதேபோல, ஆறாம் பதிப்பில் சார்ஜ் செய்தவர் முதலில் அடிப்பார். முன்வரிசையில் அடி வாங்கி விழுந்தவர்களுக்குத் திருப்பி அடிக்கும் வாய்ப்பில்லை. பின்னால் இருப்பவர் முன்னேறி அடிப்பது எட்டாம் பதிப்பு வழக்கம். அதை இங்கே கொண்டுவந்தால் சார்ஜுக்கு மதிப்பே போய்விடும்.

படைப்பட்டியலும் வேறு. 2000 பாயிண்ட் படைக்கு மொத்தம் 4 கேரக்டர்கள் (தனி வீரர்கள்: பெரிய தலைவர் லார்ட், அடுத்த நிலை ஹீரோ), அதில் லார்ட் ஒருவர்தான். கோர் (அடிப்படைப் படைப்பிரிவு) குறைந்தது 3, ஸ்பெஷல் (சிறப்புப் பிரிவு) அதிகபட்சம் 4, ரேர் (அரிய பிரிவு) 2. 2000க்குக் கீழே லார்டே கிடையாது. 25 சதவீதம், 50 சதவீதம் என்று யாராவது கணக்குப் போட்டால் அவர் எட்டாம் பதிப்புப் பட்டியலையோ ஓல்ட் வேர்ல்ட் பட்டியலையோ வைத்திருக்கிறார் என்று அர்த்தம்.

அடுத்தது பேஸ், அதாவது பொம்மையின் காலடியில் ஒட்டும் தட்டு. ஆறாம் பதிப்பில் மனிதர், எல்ஃப், குள்ளர், காப்ளின் எல்லாம் 20 மி.மீ. சதுரம், ஆர்க் 25 மி.மீ.; குதிரைவீரர் 25 × 50. ஓல்ட் வேர்ல்டில் மனிதர் 25, ஆர்க் 30, குதிரைவீரர் 30 × 60. இன்று புதுப் பெட்டி வாங்கினால் உள்ளே பெரிய பேஸ்தான் இருக்கும். ஐந்து பேர் அகலமுள்ள மனிதப் படைக்கு 100 மி.மீ. முகப்பு இருக்க வேண்டிய இடத்தில் 125 மி.மீ. வந்து நிற்கும், எதிரியின் வீரர்கள் கூடுதலாக வந்து தொட்டு அடிப்பார்கள். ஒட்டுவதற்கு முன்பே எதிராளியோடு பேசிவிடுங்கள். ஒட்டிய பேஸைப் பிய்த்தால் கால் கையோடு வந்துவிடும்.

பொம்மை வாங்கும் ஆசையில் டிராகனும் ஹீரோவும் முதலில் வீட்டுக்கு வரும். ஆனால் இந்தப் பதிப்பில் சண்டையை வெல்வது வரிசைதான். மோதலில் யார் வென்றார் என்ற புள்ளிக் கணக்கில், கொன்றவர்களோடு இவையும் கூடும்: குறைந்தது 4 பேர் அகலம் இருந்தால், முதல் வரிசைக்குப் பின்னுள்ள ஒவ்வொரு வரிசைக்கும் +1, அதிகபட்சம் +3. கொடிக்கு +1. எண்ணிக்கையில் அதிகமென்றால் இன்னொரு +1. ஆக, ஒருவரையும் கொல்லாமலே 5 புள்ளி. தனியாகப் போன ஹீரோ மூன்று பேரை வெட்டிவிட்டும் தோற்று ஓடுவது இதனால்தான். இதை உடைக்க வழி பக்கவாட்டுத் தாக்குதல். யூனிட் ஸ்ட்ரெங்த் (படையின் அளவைக் காட்டும் எண்) 5 அல்லது மேலுள்ள படை விலாவில் மோதினால் அதற்கு +1, எதிரியின் வரிசைப் புள்ளி பூஜ்யம். ஒரு குதிரைவீரருக்கு யூனிட் ஸ்ட்ரெங்த் 2, எனவே மூவர் போதும். முதலில் 20 பேர் கொண்ட இரண்டு காலாட்படை, 5 குதிரைவீரர், ஒரு ஹீரோ. டிராகன் காத்திருக்கட்டும்.

பழைய பொம்மைகளைச் செகண்ட்ஹேண்டில் வாங்கினால் பெயின்ட் நீக்க தின்னரோ அசிட்டோனோ வேண்டாம், பிளாஸ்டிக் கரைந்துவிடும். மெடிக்கலில் கிடைக்கும் டெட்டாலில் தண்ணீர் கலக்காமல் ஒரு நாள் ஊறவைத்து, கையுறை போட்டுப் பழைய பல்துலக்கியால் தேய்க்கலாம். தேய்த்ததும் குழாயில் காட்டுவதுதான் பலர் செய்யும் தப்பு. தண்ணீர் பட்டால் கரைந்த பெயின்ட் பிசினாகி ஒட்டிக்கொள்ளும். முதல் அலசல் டெட்டாலிலேயே, பிறகு சோப்பு, கடைசியில்தான் தண்ணீர். பழைய உலோகப் பொம்மைகளில் ஈயம் இருக்கலாம், அரம் போட்ட தூளைச் சாப்பாட்டு மேசையில் விடாதீர்கள்.

ஸ்ப்ரே ப்ரைமருக்கு (பெயின்டுக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு) மதுரை வெயில் எதிரி. சித்திரை மதியம் மொட்டை மாடியில் அடித்தால் பெயின்ட் காற்றிலேயே காய்ந்து, பொம்மை உப்புத்தாள் போலச் சொரசொரக்கும். ஐப்பசி ஈரத்தில் அடித்தால் வெள்ளை பூக்கும். கோடையில் விடிகாலை, மழைக்காலத்தில் வெயில் எட்டிப் பார்க்கும் பிற்பகல், 20 முதல் 30 செ.மீ. தூரம்.

ஆட்டப் பலகை 6 × 4 அடி. பிளைவுட் கடையில் 8 × 4 ஷீட் வாங்கி, அங்கேயே 3 × 4 ஆக இரண்டு துண்டு போடச் சொல்லுங்கள். ஒரே துண்டாக எடுத்துவந்தால் மாடிப்படி திரும்பாது. மிச்சம் விழும் 2 × 4 குன்றுகளுக்கு அடிப்பலகை ஆகும். குன்றைத் தெர்மாகோலில் வெட்டலாம், ஆனால் அதன் மேல் நேராக ஸ்ப்ரே அடித்தால் ஓட்டை ஓட்டையாக அரித்துவிடும். முதலில் ஃபெவிகாலும் சலித்த மணலும் கலந்து ஒரு பூச்சு, அது காய்ந்த பிறகு பிரஷ்ஷால் எமல்ஷன்.