பிளாஸ்மா மாற்றுச் சிகிச்சையில் தொற்றைத் தடுப்பது எப்படி? புதிய செவிலியர்களுக்கான செய்முறை

இந்தச் சிகிச்சையில் ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவை ஓர் இயந்திரம் பிரித்தெடுத்து நீக்கிவிட்டு, பதிலாக வேறு திரவத்தை ஏற்றும். நோய்க்குக் காரணமான ஆன்டிபாடியை (எதிர்ப்புப் புரதத்தை) மட்டும் பொறுக்கி எடுக்க இந்த இயந்திரத்துக்குத் தெரியாது. கிருமியிலிருந்து காப்பாற்றும் ஆன்டிபாடியும் சேர்ந்தே கழிவுப் பைக்குள் போய்விடும். உடலிலுள்ள பிளாஸ்மா அளவுக்கு ஒருமுறை மாற்றினாலே ரத்தத்திலுள்ள ஐஜிஜி (முக்கியமான ஆன்டிபாடி வகை) சுமார் 60 முதல் 65 சதவீதம் குறைந்துவிடும். பதிலுக்கு ஏற்றும் ஆல்புமின் என்ற புரதக் கரைசலில் ஆன்டிபாடி கிடையாது. ஒன்றுவிட்டு ஒருநாள் ஐந்து முறை செய்தவருக்கு அந்த அளவு மீண்டு வர வாரக்கணக்கில் ஆகும். பலர் ஸ்டீராய்டும் எடுத்துக்கொண்டிருப்பார்கள், அதுவும் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும்.

படி 1: ரத்தம் எடுப்பது

முதல் சிகிச்சைக்கு முன்பே ஐஜிஜி, ஹெபடைடிஸ் பி, சி, எச்ஐவி பரிசோதனைகளுக்கு ரத்தம் எடுத்துவிடுங்கள். பிறகு எடுத்தால், இருக்கும் ஆன்டிபாடியும் இல்லை என்று வரலாம். கொடையாளர் பிளாஸ்மா ஏற்றியிருந்தால், அவருடைய ஆன்டிபாடி நோயாளியுடையது போலத் தெரியலாம்.

படி 2: லைன்

லைன் என்பது ரத்தத்தை எடுக்கவும் ஏற்றவும் ரத்தக்குழாயில் போடும் குழாய். என்னைக் கேட்டால், மொத்தக் கவனத்தில் பாதியை இங்கேதான் செலவழிக்க வேண்டும். கை ரத்தக்குழாய் போதுமானதாக இருந்தால் அதுவே நல்லது. பெரிய ரத்தக்குழாயில் போடும் கதீட்டர் தேவைப்பட்டால், தொடையில் போடுவதைவிடக் கழுத்தில் போடுவது நல்லது.

ஒவ்வொரு முறை இணைக்கும் முன்பும் கை கழுவி, கதீட்டரின் வாயை ஆல்கஹால் பஞ்சால் 15 விநாடி அழுத்தித் தேயுங்கள். பிறகு காய விடுங்கள். அவசரத்தில் பலரும் விட்டுவிடுவது இந்தக் காய விடுவதைத்தான். ஈரத்தோடு இணைத்தால் தேய்த்ததன் பலன் முழுதாகக் கிடைக்காது.

டிரெஸ்ஸிங்கின் ஓரத்தை விரலால் தடவிப் பாருங்கள். ஒரு மூலை எழும்பியிருந்தாலும், உள்ளே ஈரம் தெரிந்தாலும் உடனே மாற்றுங்கள், வழக்கமாக ஏழு நாளுக்கு ஒருமுறை மாற்றும் கணக்கைப் பார்த்துக் காத்திருக்க வேண்டாம்.

படி 3: மருந்து நேரம்

செஃப்ட்ரியாக்சோன் போலப் புரதத்தோடு ஒட்டும் ஆன்டிபயாடிக்கை சிகிச்சை முடிந்த பிறகு கொடுங்கள். முன்னால் கொடுத்தால் ஒரு பகுதி பைக்குள் போய்விடும். மருந்தாக ஏற்றும் ஆன்டிபாடியான இம்யூனோகுளோபுலினுக்கும் இதே முறைதான்.

படி 4: காய்ச்சல்

ஸ்டீராய்டு எடுப்பவருக்குக் காய்ச்சலே தெரியாமல் இருக்கலாம். படபடப்பு, புதிதாக வந்த குழப்பம், குறையும் ரத்த அழுத்தம் இவற்றையும் சந்தேகியுங்கள். லைனை ஃபிளஷ் செய்த (திரவம் செலுத்திக் கழுவிய) சற்று நேரத்தில் குளிர்நடுக்கம் வந்தால், முதல் சந்தேகம் லைன் மேல்தான். பிளாஸ்மா ஏற்றும்போது வந்தால் உடனே நிறுத்தி மருத்துவரைக் கூப்பிடுங்கள், ஒவ்வாமையாகவும் இருக்கலாம்.

கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் கல்ச்சர் பரிசோதனைக்கான ரத்தத்தை லைனிலிருந்தும் கையிலிருந்தும் ஒரே நேரத்தில் எடுங்கள். லைன் ரத்தத்தில் கிருமி இரண்டு மணி நேரமாவது முன்னதாக வளர்ந்தால், தொற்று லைனில்தான்.

படி 5: லைனை எடுப்பது

கடைசிச் சிகிச்சை முடிந்ததுமே "இன்னும் இது தேவையா?" என்று மருத்துவரிடம் கேளுங்கள். ஆல்புமின் மட்டும் ஏற்றியிருந்தால் ரத்தம் உறைய உதவும் பொருட்களும் குறைந்திருக்கும். அவற்றில் ஒன்றான ஃபைப்ரினோஜன் அளவைப் பார்த்துவிட்டு லைனை எடுங்கள்.